தமிழ் இல்லையெனில் மென்பொருள் மௌனம் காக்கலாமா?



நிரல் எழுதக் கற்கும் பிள்ளைகளிடம் எளிதில் படியும் பழக்கம் ஒன்றுண்டு. திரையில் தோன்ற வேண்டிய சொற்களை நிரலுக்குள்ளேயே எழுதிவிடுவர். பின்னர் அதே மென்பொருளைத் தமிழில் தர விரும்பினால், நிரல் முழுவதையும் கிளறித் திருத்த வேண்டியிருக்கும்.

இதற்கு மாற்றுவழி உண்டு. பொருளைக் கேட்பது ஒரு பகுதி. ஆக்கித் தருவது வேறொரு பகுதி. இதனைத் 'தொழிற்சாலை' முறை என்பர். ஜாவா மொழியில் 1997 முதல் உள்ள 'ரிசோர்ஸ் பண்டில்' இதற்கு நல்ல சான்று. நிரல், தொகுப்பின் பெயரையும் மொழியையும் கூறிச் சொற்தொகுப்பைக் கேட்கும். மலேசியத் தமிழுக்குரிய தொகுப்பு முதலில் தேடப்படும். இல்லையேல் பொதுத் தமிழ்த் தொகுப்பு. அதுவும் இல்லையேல் கணினியின் இயல்புமொழித் தொகுப்பு. இறுதியில் அடிப்படைத் தொகுப்பு. தமிழைச் சேர்க்க ஒரு கோப்பு போதும்; நிரலில் ஓர் எழுத்தும் மாறாது.

ஆயினும் இவ்வசதிக்குள் ஓர் ஆபத்தும் மறைந்துள்ளது. தமிழ்க் கோப்பு இல்லையென்றால் நிரல் முறையிடுவதில்லை. பெரும்பாலும் ஆங்கிலத்தைக் காட்டிவிட்டு அமைதியாக இருந்துவிடும். தமிழ்க் கோப்பில் ஒரு சொல் விடுபட்டால், அவ்விடத்தில் மட்டும் அடிப்படைத் தொகுப்பின் சொல் வந்து நிற்கும். பிள்ளைகள் அதனையே இயல்பென எண்ணிப் பழகிவிடுவர். காணாமற்போன தமிழை யாரும் தேடமாட்டார்.

முன்பு இக்கோப்புகளில் தமிழ் எழுத்துகளை எண்குறியீடுகளாக மாற்றி எழுத வேண்டியிருந்தது. ஆசிரியர் எவரும் அதனைப் படித்துத் திருத்த இயலாது. 2017இல் வெளிவந்த ஜாவா 9 முதல் அக்கோப்புகள் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் படிக்கப்படுகின்றன. எனவே தமிழாசிரியரே கோப்பைத் திறந்து பிழை திருத்தலாம். 'அது கணினிக்காரர் வேலை' என்று நாம் ஒதுங்குவதற்கு இனிக் காரணமில்லை.

பத்து வரி நிரலுக்கு இத்தனை ஏற்பாடு எதற்கென்று சிலர் வினவக்கூடும். ஒருமொழி நிரலுக்குத் தேவையில்லைதான். ஆனால், நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் தமிழ், மலாய், ஆங்கிலம் என மும்மொழி பயில்பவர்கள். அவர்கள் எழுதும் நிரலும் மும்மொழிக்கு இடந்தருவதே முறை.

ஆகவே, இரண்டு வேண்டுகோள்கள். சொல்லையும் நிரலையும் பிரித்து எழுதும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே பிள்ளைகளுக்கு ஊட்டுவோம். பள்ளிக்கு ஒரு கல்வி மென்பொருளை ஏற்குமுன், "சொற்கள் தனிக் கோப்பில் உள்ளனவா? தமிழில் விடுபட்டவற்றின் பட்டியல் கிடைக்குமா?" என்று கேட்போம்.

கேட்கும் வரை மென்பொருள் மௌனமாகவே இருக்கும். நாமும் மௌனமாக இருத்தல் தகாது.