தொண்ணூறு நாவல் எழுதிய தாய்

விக்டோரியா ராணி இங்கிலாந்தை ஆண்டது 1837 முதல் 1901 வரை. அந்தக் காலத்து நாவல் என்றால் டிக்கன்ஸ், தாக்கரே, ஹார்டி என்று நாலைந்து பெயர்களைத்தான் நம்மவர் சொல்லுவார்கள். கல்லூரிப் பாடமும் பெரும்பாலும் அந்த வட்டத்தைத் தாண்டுவதில்லை. ஆனால் அப்போது அச்சேறிய நாவல்கள் ஆயிரக்கணக்கானவை.

பாடத்தில் இல்லாதவர்களைத் தமிழர் படித்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. ரெயினால்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் மர்ம நாவல்களை மலிவுப் பதிப்பாக வாரா வாரம் எழுதிக் குவித்தார். அவர் நாவல்களை ஆரணி குப்புசாமி முதலியார் தமிழாக்கித் தந்தார். பரீட்சைக்கு வராத அந்தக் கதைகளை நம் முன்னோர் விழுந்து விழுந்து படித்தார்கள்!

அப்படி ஓரமாக நின்றுவிட்ட ஓர் அம்மையாரைப் பற்றி இன்று சொல்ல வேண்டும். அவர் பெயர் மார்கரெட் ஆலிபண்ட். 1828-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1852-ல் உறவுக்காரரையே மணந்தார். கணவர் தேவாலயங்களின் கண்ணாடி ஜன்னல்களுக்கு ஓவியம் தீட்டும் கலைஞர். அவருக்குக் காச நோய் கண்டது. வெயில் நாட்டுக்குப் போனால் குணமாகும் என்று நம்பி இத்தாலிக்குப் போனார்கள். 1859-ல் ரோமாபுரியில் அவர் காலமானார். மனைவி கையில் இரண்டு குழந்தைகள், வயிற்றில் ஒன்று, தலைக்கு மேல் ஆயிரம் பவுன் கடன்.

அந்த அம்மையாருக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். அவர் பேனாவை எடுத்தார்.

பிறகு அது ஓயவே இல்லை. மகன்களைப் பெரிய பள்ளியில் படிக்க வைக்கவேண்டும். அண்ணன் நொடித்துப் போனபோது அவர் பிள்ளைகளையும் வளர்க்கவேண்டும். அத்தனைக்கும் எழுத்துக் கூலிதான். தொண்ணூறுக்கு மேல் நாவல்கள், அவற்றோடு சரித்திரம், வாழ்க்கை வரலாறு, பத்திரிகைக் கட்டுரை எல்லாம் எழுதினார். இளம் வயதில் வீட்டார் கூடியிருக்கும் மேஜையின் ஓரத்தில், மற்றவர் துணி தைப்பதுபோலத் தாம் உட்கார்ந்து எழுதியதாகச் சுயசரிதையில் சொல்லுகிறார்.

இவ்வளவு உழைத்தும் பெற்ற பிள்ளைகள் ஒருவர்கூட மிஞ்சவில்லை. மகள் 1864-ல் போனாள். மகன்கள் 1890-லும் 1894-லும் போனார்கள். தாய் 1897-ல் கண் மூடினார்.

"அளவுக்கு மீறி எழுதினார், ஆகவே தரம் குறைந்தது" என்பது விமர்சகர் பலர் அவர்மேல் எழுதிய தீர்ப்பு. ஓரளவு உண்மைதான். சில நாவல்கள் ஜவ்வாக இழுக்கின்றன. ஆனால் அந்தக் குற்றம் அவருடையது மட்டுமா? அன்று நாவல் மூன்று பாகங்களாக வந்தது. விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். அது ஒரு பண்ணைக் கூலியாளின் வாரச் சம்பளத்துக்கு மேல். ஆகையால் ஜனங்கள் வாங்கவில்லை, மூடி என்பவருடைய நூல் நிலையத்தில் வாடகைக்கு எடுத்தார்கள். ஆண்டுக்கு ஒரு கினி சந்தா கட்டினால் ஒரு சமயத்தில் ஒரு பாகம் கிடைக்கும். மூன்று பாகமாக இருந்தால் ஒரே கதை மூன்று பேர் கையில் சுற்றும். வியாபாரிக்கு அதில்தான் லாபம். கதை முடிந்துவிட்டாலும் மூன்றாம் பாகத்தை நிரப்பித்தான் ஆகவேண்டும். இந்த மூன்று பாக வழக்கம் 1894-க்குப் பிறகுதான் மடிந்தது.

அவர் நாவல்களில் முதலில் படிக்கத் தக்கது 1883-ல் வந்த 'ஹெஸ்டர்'. அதில் வரும் பெரிய பாத்திரம் ஒரு பாங்கி!

ரெட்பரோ என்ற ஊரில் வெர்னன் குடும்பத்தாரின் பாங்கி இருக்கிறது. பொறுப்பில் இருந்த ஜான் பணத்தைக் கரைத்துவிட்டு ஓடிப் போகிறான். பணம் போட்டவர்கள் வாசலில் கூடிவிடுவார்கள் என்ற நிலை. பங்காளி வீட்டுப் பெண் காதரைன் தன் சொந்தச் சொத்தைக் கொண்டுவந்து கொட்டிப் பாங்கியை நிறுத்துகிறாள். கல்யாணமாகாதவள். பிறகு பல ஆண்டுகள் அவளே நிர்வாகம் செய்கிறாள். ஊரே அவளை வணங்குகிறது.

ஓடிப்போன ஜானின் மனைவியும், மகள் ஹெஸ்டரும் அவள் தயவில் வாழ வருகிறார்கள். ஹெஸ்டர் ரோஷக்காரி. காதரைனுக்கும் அவளுக்கும் ஆகவில்லை. காதரைன் நம்புவது எட்வர்டு என்ற உறவுக்காரப் பையனை. பெற்ற பிள்ளையாக வளர்க்கிறாள். அவனோ உள்ளுக்குள் அவளை வெறுக்கிறான். பாங்கிப் பணத்தை எடுத்து ரகசியமாகச் சூதாட்ட வியாபாரத்தில் போடுகிறான். அவனும் ஓடுகிறான். அன்றுதான் கிழவியும் குமரியும் தாங்கள் ஒரே மண்ணில் செய்த இரண்டு பாத்திரங்கள் என்று அறிகிறார்கள்.

காதல் கதையில் கணக்குப் புத்தகத்தை இவ்வளவு துணிவாக நுழைத்தவர்கள் அன்று அதிகம் பேர் இல்லை. வாங்குகிறவனின் கூச்சம் மட்டும் அல்ல, கொடுக்கிறவளின் மமதையும் இதில் தெரிகிறது. நன்றி சொல்லிச் சொல்லியே மனிதர்கள் எப்படிக் கசந்து போகிறார்கள் என்பதை அம்மையார் தேளைப் பிடிப்பதுபோலப் பிடித்திருக்கிறார். பத்துப் பேரைக் காப்பாற்றி, அவர்கள் முணுமுணுப்பையும் கேட்டவர் அல்லவா!

பாங்கியை நடத்தும் திறமை உடைய ஹெஸ்டருக்கு ஆசிரியை கடைசியில் கொடுப்பது வேலை அல்ல, இரண்டு மாப்பிள்ளைகளில் ஒருவரைத் தேர்ந்துகொள்ளும் உரிமை! அந்தக் கிண்டலை மாணவர்கள் வகுப்பில் விவாதித்தால் ஒரு மணி நேரம் போதாது.

நாவல் பெரிது என்று அஞ்சுகிறவர்கள், 1882-ல் அவர் எழுதிய 'திறந்த கதவு' என்ற பேய்க் கதையிலிருந்து தொடங்கலாம். ஒரே இரவில் முடித்துவிடலாம். தனியாக இருக்கும் இரவாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்!

பதிப்பாளர்களுக்கு ஒரு வார்த்தை. ஆசிரியை மறைந்து நூறாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. பதிப்புரிமை தீர்ந்தது. யாரிடமும் அனுமதி கேட்காமல், ஒரு காசும் கொடுக்காமல் இந்த நாவலைத் தமிழில் கொண்டுவரலாம். வேண்டியது, குடும்பத் தமிழ் தெரிந்த ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளர். அவருக்குக் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.