நாள் தள்ளிப்போகும் முன்பே...

பண்ணைப்புரத்தில் பொழுது விடியும் முன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. மலையேறிச் சென்று, இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களில் வேலை செய்யும் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து அமர்ந்திருப்பார்கள். அவர்கள் வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். அவர்களுள் புதிதாக மணமான ஒருத்தி கருவுற்றால், அச்செய்தி அரசின் பதிவேட்டில் எப்போது ஏறும்? 'மூணு மாசம் முடியட்டும், அப்புறம் வெளியே சொல்லிக்கலாம்' என்பது எங்கள் பகுதி வீடுகளில் நான் கேட்டு வளர்ந்த சொல். கருவோ அதுவரை காத்திருப்பதில்லை.

கருக்குழாயில் விந்தணுவும் கருமுட்டையும் இணைந்து உருவாகும் ஒற்றைச் செல், பிரிந்து பெருகியபடியே கருப்பையை நோக்கி நகர்கிறது. ஏறத்தாழ ஆறாம் அல்லது ஏழாம் நாளில் அதன் சுவரில் பதியத் தொடங்குகிறது. மூன்றாவது வாரத்தில் மூன்று அடுக்குகள் உருவாகின்றன. தோலும் நரம்பும், தசையும் எலும்பும், குடலும் நுரையீரலும் இவற்றிலிருந்தே பிறக்கின்றன. 22ஆம் நாளையொட்டி இதயம் துடிக்கத் தொடங்குகிறது. மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான நரம்புக் குழல் 28ஆம் நாளுக்குள் மூடிக்கொள்கிறது. எட்டாவது வார முடிவில் மூன்று சென்டிமீட்டர் அளவேயுள்ள அந்த உயிரில், முக்கிய உறுப்புகள் அனைத்துக்கும் அடித்தளம் இடப்பட்டுவிடுகிறது.

இவை கருவுற்ற நாளிலிருந்து எண்ணப்படும் கணக்கு. மருத்துவமனையில் கர்ப்பத்தைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவதால், அதனுடன் இரண்டு வாரங்களைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அதாவது, நரம்புக் குழல் மூடும்போது மாதவிடாய் தள்ளிப்போய் இரண்டு வாரங்களே ஆகியிருக்கும். பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே அப்போது உறுதியாகத் தெரிந்திருக்காது.

தமிழகத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம், 12 வாரங்களுக்குள் பதிவு செய்யுமாறு கர்ப்பிணிகளை ஊக்குவிக்கிறது. ரூ.18,000 மதிப்பிலான இந்த உதவி எத்தனையோ ஏழைக் குடும்பங்களுக்குக் கைகொடுத்துள்ளது. அதைக் குறை கூறுவது என் நோக்கமன்று. எனினும், 12ஆவது வாரத்தில் பதிவு செய்யும் பெண்ணின் கருவில் உறுப்புகளின் அடித்தளம் இடப்பட்டு இரண்டு வாரங்கள் கடந்திருக்கும் என்பதை நாம் மறக்கலாகாது.

இந்தக் கால இடைவெளிக்கு விலை உண்டு. நரம்புக் குழல் சரிவர மூடாவிட்டால் மண்டையோடும் மூளையும் முழுமையாக வளராத குழந்தையோ, முதுகுத்தண்டில் பிளவுள்ள குழந்தையோ பிறக்கலாம். ஃபோலிக் அமிலம் இந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கும். முன்பு இக்குறைபாடுள்ள குழந்தையைக் கருவுற்ற பெண்களிடம் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நடத்திய ஆய்வின் முடிவு 1991இல் வெளியானது. ஃபோலிக் அமிலம் உட்கொண்டவர்களிடையே பாதிப்பு 72 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால், கருவுறுவதற்கு முன்பே தொடங்கினால்தான் அதன் முழுப் பயன் கிட்டும்.

ரேஷன் கடையின் செறிவூட்டப்பட்ட அரிசி போதாதா என்று கேட்கலாம். தரநிர்ணயப்படி அதன் ஒரு கிலோவில் 75 முதல் 125 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் இருக்கும். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்ணுக்குப் பரிந்துரைக்கப்படுவதோ நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம். அரிசி துணை நிற்கலாம், மாத்திரைக்கு ஈடாகாது.

மத்திய அரசின் 'ரத்தசோகையற்ற பாரதம்' திட்டத்தின் வழிகாட்டுதலே, கருவுறுவதற்கு முன்பிருந்து முதல் மூன்று மாதங்கள் வரை இந்த அளவைத்தான் அறிவுறுத்துகிறது. எனவே புதிய கொள்கை தேவையில்லை. இருப்பதைச் செயல்படுத்தினால் போதும். கிராம சுகாதார செவிலியரிடம் தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு இருக்கிறது. குடும்பநலக் கணக்குக்காகப் பேணப்படும் அப்பட்டியலைக் கொண்டே, புதுமணப் பெண்களுக்கு ஃபோலிக் அமில மாத்திரைகளை முன்கூட்டியே வழங்கலாம். பகலில் செவிலியர் வரும் நேரத்தில் ஏலத்தோட்டப் பெண்கள் எல்லைக்கு அப்பால் இருப்பார்கள். ஆகவே கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களில் வாரம் ஒருமுறையேனும் மாலை நேரச் சந்திப்பு வேண்டும். பூச்சிக்கொல்லி தெளிக்கும் பணியிலிருந்து, கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்களையும் கர்ப்பிணிகளையும் விலக்கிவைக்கும் பொறுப்பைத் தோட்ட உரிமையாளர்களும் ஏற்க வேண்டும்.

ஒன்றை வலியுறுத்தியாக வேண்டும். தொடக்க வாரங்களில் கரு கலைவதற்குப் பெரும்பாலும் குரோமோசோம் கோளாறே காரணம். அதில் தாயின் தவறு ஏதுமில்லை. 'அவள் சுமை தூக்கினாள், அதனால்தான்' என்று பழிசுமத்தும் வழக்கம் ஒழிய வேண்டும். முதல் எட்டு வாரங்களைப் பற்றிய அறிவு பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கன்று. அவள் கேட்கும் முன்பே உதவி அவள் வாசலை அடைவதற்கு.