இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம் ‘அண்டர்ரேட்டட்’ படமா? இல்லைங்க.

வருஷத்துக்கு ஒரு தடவையாவது யாராவது ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ காலத்தை மீறிய காமெடின்னு எழுதிடுறாங்க. போன ஞாயிறு டிவியில முழுசா உக்காந்து பார்த்தேன். 2010ல தியேட்டர்ல வந்த அதே சலிப்புதான் இப்பவும். கொஞ்சம் நீளமா பேசுறேன், பொறுத்துக்கோங்க.

நடிகர் பட்டியலைப் பாருங்க. நாசர், டெல்லி கணேஷ், எம்.எஸ். பாஸ்கர், மௌலி, இளவரசு, மனோரமா. இதுல ரெண்டு பேர் இருந்தாலே ஒரு படம் ஓடும். இங்க ஆளுக்கு ஒரு தொப்பி, ஒரு வசனம், அவ்ளோதான். அஞ்சு ஸ்பெஷலிஸ்ட்டை ஒரே வார்டுக்கு வரவெச்சு, எல்லாரையும் பிபி மட்டும் பார்க்கச் சொன்ன கதை.

வில்லன் நாசருக்குப் பேரு கிழக்குக்கட்டை. ஈஸ்ட்வுட்! சரி, முதல் தடவை சிரிச்சேன். அப்புறம்? அந்தப் பேருக்கு மேல அவருக்கு எழுதவே இல்லை. 2009ல ‘குயிக் கன் முருகன்’ல இதே நாசர் ரைஸ் பிளேட் ரெட்டியா வந்தாரே, நினைவிருக்கா? அங்க வில்லனுக்கு ஒரு வெறி இருந்துச்சு: சைவ ஓட்டலையெல்லாம் அசைவமாக்கணும். கிறுக்குத்தனமா இருந்தாலும் நடிக்கப் பிடிமானம் அது.

சிம்புதேவனுக்கு இது தெரியாதுன்னு சொல்ல மாட்டேன். 2006ல ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ எடுத்தவர். அங்க கேலிக்கு ஒரு இலக்கு இருந்துச்சு. மன்னர் வேஷத்துல நம்ம அரசியலையும் குளிர்பான விளம்பரத்தையும் அடிச்சார். இங்க கேலி எதை? 1972ல கர்ணன் எடுத்த ‘கங்கா’, ‘ஜக்கம்மா’வையா? ஜெய்சங்கர் குதிரையேறின அந்தப் படங்கள் தன் கதையை நம்பின. இது எதையும் நம்பலை.

அதைவிட எனக்கு உறுத்துறது அந்த ‘செவ்விந்தியர்’ காட்சிகள். தலையில இறகு, வாயில அர்த்தமில்லாத சத்தம், பக்கத்துல மொழிபெயர்க்க ஒருத்தர். எங்கோ அமெரிக்கா கதைதானேன்னு கேப்பீங்க. ஆனா நம்ம சினிமாவுல மலைவாசின்னாலே ரொம்ப காலமா இதே சத்தம்தான்.

ஜவ்வாது மலையில வேலை பார்க்கிறவன் நான். இங்க இருக்கிறவங்க மலையாளி பழங்குடி. பேரைக் கேட்டுட்டு கேரளாவான்னு கேக்கிறவங்க உண்டு. பேசுறது தமிழ். ஒரு தடவை ஜமுனாமரத்தூர் பக்கத்துப் பாட்டி ஒருத்தரைக் கீழே ஒரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்க ஒரு பையன் அவங்க முன்னாடியே அந்த சினிமா சத்தத்தைப் போட்டுக் காட்டி, “இவங்க பாஷை யாருக்காச்சும் தெரியுமா?”ன்னு சிரிச்சிருக்கான். பாட்டி, “தமிழ்லயே கேளு சாமி, சொல்றேன்”னாங்களாம். அடுத்த ரிவ்யூவுக்குக் கீழே இறங்கவே மாட்டேன்னுட்டாங்க. பிபி மாத்திரை நின்னுபோய் ரெண்டு மாசம் கழிச்சுத்தான் எனக்கே தெரிஞ்சது.

அந்தப் பையன் எந்தப் படத்துல கத்துக்கிட்டான்னு எனக்குத் தெரியாது. இந்த ஒரு படத்து மேல பழி போடலை. ஆனா இத்தனை பெரிய நடிகர்களை வெச்சிருந்தும், நம்ம ஊர்லயே பழசாகிப்போன அந்த ஜோக்குக்குத்தான் கை போச்சு பாருங்க, அதான் கோபம்.

‘அண்டர்ரேட்டட்’னு அடுத்து எழுதப் போறவங்க, அந்தக் காட்சிக்குச் சிரிச்சீங்களா இல்லையான்னும் சேர்த்து எழுதுங்க.