சாமந்தி என்று எழுதிவிட்டால் போதுமா?

சென்ற மாதம் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள், தத்தம் வீட்டில் அருந்தும் பானங்களின் உறைகளைக் கொண்டுவந்து மணிலா அட்டையில் ஒட்டினர். கெமோமில் தேநீர் உறையின்கீழ் ஒரு மாணவி 'சாமந்திப்பூத் தேநீர்' என்று எழுதியிருந்தாள். நல்ல தமிழ் என்று பாராட்டினேன். அருகிலிருந்த மாணவனோ, "டீச்சர், எங்க பாட்டி காய்ச்சுற சாமந்தித் தண்ணி இது இல்ல," என்றான். அவன் சொன்னதே சரி. பாராட்டிய நான்தான் தவறு செய்தேன்.

அவன் பாட்டி காய்ச்சுவது, சீன மருந்துக் கடைகளில் உலர்த்தி விற்கப்படும் கெக்வா பூ. கேமரன் மலையில் நாம் காணும் சாமந்தியின் இனம் அது. கெமோமில் ஐரோப்பாவில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் வேறு செடி. இரண்டும் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது மட்டுமே உறவு.

சிக்கல் அத்துடன் முடியவில்லை. கெமோமில் என்பதும் ஒரே செடியன்று. தேநீராக விற்கப்படுவது பெரும்பாலும் ஜெர்மானியக் கெமோமில். நிமிர்ந்து வளர்ந்து ஓராண்டில் மடிவது. ரோமானியக் கெமோமில் தரையோடு படர்ந்து பல்லாண்டு வாழ்வது. ஆப்பிள் மணம் கொண்டது. கிரேக்கத்தில் இப்பெயருக்குத் 'தரை ஆப்பிள்' என்றுதான் பொருள். இரண்டின் பூவும் வெள்ளை இதழும் மஞ்சள் நடுவுமாக ஒன்றுபோலவே இருக்கும். ஆயினும், பூவை நெடுக்காக இரண்டாக அறுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மஞ்சள் மேட்டின் உட்புறம் கூம்பாகக் குடைந்து வெறுமையாக இருந்தால் ஜெர்மானியம். உள்ளே நிறைந்து, சிறுபூக்களுக்கிடையே மெல்லிய செதில்களும் இருந்தால் ரோமானியம். இதே தோற்றத்தில் மணமே இல்லாத ஒரு களையும் உண்டு. கெடுநாற்றம் வீசி, தொட்டவர் தோலைக் கொப்புளிக்கச் செய்யும் இன்னொரு களையும் உண்டு.

'சீமைச்சாமந்தி' என்ற சொல் அகராதிகளில் இருக்கிறதே என்று சிலர் கேட்கக்கூடும். தனித்தமிழ்ப் பற்று எனக்கும் உண்டு. ஆனால், அச்சொல் ஜெர்மானியத்தையும் ரோமானியத்தையும் பிரித்துக் காட்டுவதில்லை. 'சீமை' உதிர்ந்துபோனால் கெக்வாவோடும் கலந்துவிடும். "சாமந்திப்பூவைக் காய்ச்சிக் கொடுங்கள், பிள்ளை நன்றாக உறங்கும்" என்று புலனத்தில் வரும் குறிப்பைப் படிக்கும் தாய் எந்தப் பூவை வாங்குவார்? இக்குடும்பச் செடிகளுள் ஒன்று ஒவ்வாதவருக்கு மற்றொன்றும் ஒவ்வாமற்போகலாம் என்பதால், இதை வெறும் சொல்லாராய்ச்சி என்று தள்ளிவிட முடியாது.

ஆகவே, வகுப்பில் கெமோமில் என்றே எழுதுவோம் என்பது என் கருத்து. பெற்றோரும் உறையிலுள்ள அறிவியல் பெயரைப் பார்த்து வாங்கலாம். மத்ரிகாரியா என்றிருந்தால் ஜெர்மானியம். கமேமெலம் என்றிருந்தால் ரோமானியம். லின்னேயசு 1753இல் ரோமானியத்துக்கு இட்ட ஆந்தெமிஸ் நொபிலிஸ் என்ற பழைய பெயரும் சில உறைகளில் காணப்படும். தூளாக்கிப் பையிலிட்ட பூவை அறுத்துப் பார்க்க இயலாது அல்லவா?

மறுவாரம் அம்மாணவன் பாட்டியின் பூவை ஒரு கண்ணாடிப் புட்டியில் கொண்டுவந்தான். 'சாமந்தி' என்ற சீட்டு இப்போது அதன்கீழ் இருக்கிறது. தேநீர் உறையின்கீழ் அம்மாணவியே 'ஜெர்மானியக் கெமோமில்' என்று திருத்தி எழுதிவிட்டாள்.