தீயை ஏற்றலும் கலத்தைப் பேணலும்

திருவண்ணாமலையிலே கார்த்திகைத் தீபங் காண்போர் இலட்சக்கணக்கானோர். தீபத்திருநாள் கழிந்தபின் மலையுச்சியினின்று இறக்கப்படும் கொப்பரையை நினைப்போர் மிகச் சிலரே. தீ அவிந்தால் கொப்பரை ஆறும்; ஆறியதைக் கையால் தொட்டுத் துடைக்கலாம், பழுதும் பார்க்கலாம். ஆனால், தீ அவிந்த பின்னரும் மனிதர் கைதொடவொண்ணாத கலமொன்று உண்டு. அதனைக் குறித்தே ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

சூரியனில் நிகழும் அணுக்கரு இணைவைப் பூமியில் நிகழ்த்தவேண்டிப் பிரான்சு தேசத்துக் கடராஷில் ‘ஈட்டர்’ என்னும் உலை எழும்பி வருகின்றது. 2005-ஆம் ஆண்டு முதல் இந்தியாவும் இம்முயற்சியிற் சேர்ந்துள்ளது. அவ்வுலையைச் சூழும் ஏறத்தாழ 3,850 டன் எடையுள்ள வெளிக்கலம் குஜராத்திலுள்ள ஹஜிராவில் பகுதி பகுதியாகச் செய்யப்பெற்றது. 2020-இல் இறுதிப் பகுதியும் அனுப்பப்பட்டது. இது நமக்குப் பெருமையே.

எனினும், கலத்தைச் செய்தல் பாதி வேலை, பேணுதலே மறுபாதி. டியூட்டீரியமும் ட்ரிட்டியமும் இணையுங்கால் வெளிப்படும் நியூட்ரான்கள், உட்சுவரின் உலோகத்தையே கதிர்வீசும் பொருளாக்கிவிடும். அதன்பின் மனிதன் உட்புகுதல் இயலாது. இணைவின் சாம்பலாகிய ஹீலியத்தை வெளியேற்றும் பாகங்கள் மட்டும் 54. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 டன். அவை தேய்ந்தால், யந்திரக்கை குறுகிய வாயில் வழியே புகுந்து, குழாய்களை அறுத்து, பாரத்தைத் தூக்கி வெளிக்கொணர்ந்து, புதியதை மயிரிழை பிசகாமல் பொருத்தவேண்டும்.

இது வெறுங் கனவன்று. இங்கிலாந்தின் கல்ஹாமிலிருந்த ‘ஜெட்’ உலையில், 1998-இலேயே மனிதர் உட்புகாமல் பாகங்கள் மாற்றப்பட்டன. தொழிலாளர் தொலைவிலமர்ந்து, படக்கருவி வழியே கண்டு, யந்திரக்கை உணரும் அழுத்தத்தைத் தங்கையிலும் உணர்ந்து வேலைசெய்தனர்.

நம் தமிழ்நாடும் இத்தகைய சோதனையை அறியும். கல்பாக்கத்துச் சோதனை உலை அணுப்பிளவு உலையேயாயினும், 1987-இல் எரிபொருளை மாற்றுங்கால் அதனுள்ளே வழிகாட்டுங் குழாயொன்று வளைந்துபோயிற்று. அதனைத் தொலைவிலிருந்தே அறுத்தெடுக்கத் தனிக் கருவி அமைக்கவேண்டியதாயிற்று. 1989-இலேதான் உலை மீண்டும் இயங்கிற்று. ஒரு குழாய் வளைந்ததற்கு ஏறக்குறைய ஈராண்டு!

“முதலில் தீ எரியட்டும், பழுதைப் பிறகு பார்ப்போம்” என்பார் உளர். அவர் நம்மூர்த் தேரை நோக்குவாராக. அச்சைக் கழற்ற இயலாதபடி தேர் செய்த தச்சன், அடுத்த ஆண்டே அதனை நிலையில் நிறுத்தியவனாவான். ஓர் ஆணியை எங்கே முடுக்குவது என்று தீர்மானிக்கும்போதே, அதனைக் கழற்றும் கை எவ்வழியே வரும் என்பதையும் தீர்மானித்தல் வேண்டும்.

ஈட்டரிலே பழுதுநீக்கும் யந்திரங்களை அளிக்கும் பொறுப்பு பெரும்பாலும் ஐரோப்பாவையும் ஜப்பானையும் சார்ந்துள்ளது. நாளை நம் நாட்டிலேயே இணைவு உலை எழுமாயின், அதனைப் பேணவும் பிறர் கையையே எதிர்பார்த்திருப்போமோ? ஆதலின், மாணவ நண்பர்காள், புதியன படைப்பதே கல்வியென்றும் பழுதுபார்த்தல் கடைநிலைத் தொழிலென்றும் எண்ணற்க. தீயை ஏற்றுவோனுக்குக் கூட்டம் ஆரவாரிக்கும். மறு ஆண்டும் தீ எரிவது கொப்பரையைப் பேணினவனாலேயாம்.