வீட்டுப் பிள்ளையின் கேமரா

அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை போன்ற நம் ஊர்களின் நிகாஹ் மஜ்லிஸ்களில், கூலி வாங்கும் புகைப்படக்காரருக்கு முன்பாகவே மணமகளின் மச்சானோ மாமன் மகனோ கேமராவுடன் வந்துவிடுகிறார். சவூதியிலும் சிங்கப்பூரிலும் விடுப்புக் கிடைக்காத தகப்பனுக்கும் தமையனுக்கும் அவர் அனுப்பும் படங்களே கல்யாணம். அந்த உதவியை நாம் இலேசாகக் கருதவில்லை.

புகைப்படம் கூடுமா என்னும் சர்ச்சை பழையது. 1914 முதல் 1920 வரை எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைகு முஹம்மது பகீத் அல்முத்தீஈ, அது உருவம் வரைதலன்று, நிழலைப் பிடித்து நிறுத்துதலே எனக் கூறி அனுமதித்தார். தேவ்பந்த் உலமாக்களில் பலர் மறுத்தனர். அவ்வழக்கை இங்கே தீர்க்க நாம் முனையவில்லை. கூடும் என்போருக்கும் ஒரு கேள்வி உண்டு.

கூலிக்கு வந்தவரைப் பெண்கள் பகுதிக்குள் விடமாட்டோம். இவரை மட்டும் "நம்ம பிள்ளைதானே" என்று எப்படி விடுகிறோம்? மாமன் மகன் மணமகளுக்கே மஹ்ரம் அல்லர். அங்கே முக்காட்டைத் தளர்த்தி அமர்ந்திருக்கும் அவளுடைய தோழியர்க்கு எவ்வாறு ஆவார்? பொழுது சாய்வதற்குள் அப்படங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் வலம் வருகின்றன. சபையில் கண்டது அமானிதம் என்று மதரஸாவில் ஓதிய பிள்ளைகளே அனுப்புகிறார்கள்; அதுதான் வருத்தம்.

பெண்கள் பக்கம் படமெடுக்க வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி போதும். வலீமா முடிந்ததும் மெமரி கார்டை மணமகளின் தாயாரிடம் ஒப்படைத்துவிடட்டும். படத்தில் இருப்பவர்களைக் கேட்டு, எதை யாருக்கு அனுப்புவது என அவர் முடிவு செய்வார்.