வடிவியலும் ‘இயற்கைத் திறமை’ என்னும் கற்பிதமும்

பெண்பிள்ளைகளுக்கு மனப்பாடம் வரும், வடிவியல் வராது என்று ஆசிரியர்களே பேசக் கேட்கிறோம். ஒரு முப்பரிமாண உருவத்தை மனதுக்குள் திருப்பிப் பார்க்கும் சோதனைகளில் ஆண்களின் சராசரி கூடுதலாக இருப்பது பல ஆய்வுகளில் பதிவானதுதான். அதை மறுக்க வேண்டியதில்லை. அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி.

2011இல் ஹாஃப்மன், நீசி, லிஸ்ட் ஆகிய மூவர் வடகிழக்கு இந்தியாவில் செய்த ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். காசி, கார்பி இரண்டும் அருகருகே வாழும் பழங்குடிச் சமூகங்கள். காசி மக்களிடம் சொத்து கடைசி மகளுக்குப் போகிறது. கார்பி மக்களிடம் மகன்களுக்கு. ஏறத்தாழ 1,300 பேரிடம், நான்கு துண்டுகளைச் சேர்த்துக் குதிரைப் படமாக்கும் புதிர் தரப்பட்டது. கார்பி ஆண்கள் பெண்களைவிட 36 விழுக்காடு குறைந்த நேரத்தில் முடித்தார்கள். காசி மக்களிடம் அப்படி ஒரு வேறுபாடு தென்படவில்லை. இடைவெளியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பள்ளிப்படிப்பின் ஏற்றத்தாழ்வால் வந்தது என்றும் கணக்கிட்டார்கள்.

காசி சமூகம் பெண்களின் சொர்க்கம் அல்ல. மரபான ஊர் மன்றங்களில் அங்கும் பெண்ணுக்கு இடமில்லை. ஆனால் திறமையைப் பிறப்பே தீர்மானிக்கிறது என்றால், சொத்தும் படிப்பும் பெண்ணிடம் இருக்கும் ஊரில் இடைவெளி ஏன் காணாமல் போகிறது?

டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட சோதனையில், வெறும் 10 மணி நேர வீடியோ கேம் பயிற்சியிலேயே இந்த இடைவெளி பெருமளவு சுருங்கியது. பெண்களே கூடுதலாக முன்னேறினார்கள். பழகினால் வருவதை இயற்கை என்று எப்படிச் சொல்வது?

‘இவர்களுக்குப் பிறப்பிலேயே வராது’ என்ற வாக்கியம் நமக்குப் புதிதல்ல. இடஒதுக்கீட்டுக்கு எதிராகத் ‘தகுதி, திறமை’ பேசுவோரின் வாக்கியமும் இதுதான். முதலில் வாய்ப்பைப் பறிப்பார்கள். பிறகு தேர்வு வைப்பார்கள். வந்த மதிப்பெண்ணை இயற்கை என்பார்கள். பள்ளி விட்டதும் அண்ணன் மைதானத்துக்குப் போகிறான், தங்கை தண்ணீர்க் குடத்தோடு நிற்கிறாள். சேரிப் பெண்பிள்ளைக்கு, ஊர் மைதானத்தைச் சாதியும் மூடிவைக்கிறது.

எனவே அரசுப் பள்ளிகளில் காகிதம் மடித்தும் கனசதுரக் கட்டைகளை அடுக்கியும் வடிவியல் கற்பிக்கப்பட வேண்டும். கரும்பலகையில் படம் வரைவது மட்டும் போதாது. விளையாட்டு நேரமும் மைதானமும் மாணவிகளுக்குச் சரிபாதியாக வேண்டும். சொத்தில் சமபங்கு சட்டத்தில் இருக்கிறது. வீட்டிலும் அது நடக்க வேண்டும். இவற்றைச் செய்யாமல் பெண்ணின் மூளையைக் குறைசொல்வது அறிவியல் ஆகாது.